சுவரிலிருந்து ஒரு சாண்

என் கணவரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு முதல் தடவையாக அவரைப் பார்க்க அனுமதி கிடைத்த அன்று, கம்பி வலைக்கு அப்பாலிருந்து அவர் என்னிடம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

தடுப்பு முகாமில் பார்வையாளர்களுக்கென்று ஒரு நீளமான கொட்டகை இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, வெள்ளையடித்த சுவர். நடுவே இரண்டு வரிசையாகக் கம்பி வலை அடித்திருந்தார்கள். வலைகளுக்கு இடையிலிருந்த சந்தில் ஒரு காவலர் போவதும் வருவதுமாக இருந்தார். இந்தப் பக்கம் மனைவிமார்களும் தாய்மார்களும், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். பக்கத்தில் நின்ற சீனப் பெண் கத்துகிறாளே என்று நான் கத்தினேன். நான் கத்துகிறேனே என்று அவள் இன்னும் கத்தினாள். அவர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்னங்க? கேக்கலைங்க!"

மறுபடியும் சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. 'வீடு' என்பது போல ஒரு சொல். இல்லை, 'விடு' என்றுகூட இருக்கலாம். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் வயிற்றுப் பிள்ளை உதைத்துக்கொண்டே வந்தது. வீட்டை விட்டுப் போய்விடாதே என்றாரா, என்னை விட்டுவிடு என்றாரா? எந்தச் சொல்லை வைத்துப் பார்த்தாலும் ஒரு வாக்கியம் அமைந்தது. அதுதான் கொடுமை.

அவர் மலாய் நாட்டில், சுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டாம் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். பால் மரம் வெட்டுகிறவர்கள் வந்து கேட்டால் தொழிலாளர் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுப்பார். காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்ததும், அவரைப் பிடிக்க அந்த மனுக்களே போதுமானதாக இருந்தன. ஒரு நாள் விடியற்காலையில் ஜீப் வந்தது. சட்டை மாட்டிக்கொள்ள விட்டார்கள், செருப்பு போட விடவில்லை.

நான் சிரம்பானில் வளர்ந்தவள். கான்வெண்டில் சில வருடம் ஆங்கிலம் படித்தவள். அவரைப் பிடித்த அதே சமயத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் பயந்துபோய் வேலையை விட்டு ஓடிவிட, துரை என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார். இரக்கத்தினால் அல்ல, வேறு ஆள் கிடைக்காததினால். பள்ளி இருந்தால்தான் எனக்குச் சம்பளமும் குவார்ட்டர்ஸும். பள்ளி போனால் கைக்குழந்தையோடு ரோட்டில் நிற்க வேண்டும். அவர் எப்போதாவது திரும்பி வந்தால் என்னை எங்கே வந்து தேடுவார்?

மகன் பிறந்தான். அவன் தவழ ஆரம்பிப்பதற்கு முன்பே எங்களையெல்லாம் ஒரே இடத்தில் குவித்துவிட்டார்கள். காட்டோரமாக இருந்த தோட்டத்து டிவிஷன்களின் வரிசை வீடுகளான லயங்களைப் பிரித்து, ஜனங்களை லாரியில் ஏற்றி, ஆபீஸைச் சுற்றி முள்வேலி போட்ட வளாகத்துக்குள் குடிவைத்தார்கள். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு எங்களிடமிருந்து ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது என்பதற்காக. வேலைக்குப் போகும்போது வாசலில் நிறுத்தி, பெண்களின் முந்தானையைக்கூட உதறிப் பார்த்தார்கள்.

எங்கள் பழைய பள்ளி வேலிக்கு வெளியே இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவு மூங்கில் தட்டி, அவ்வளவுதான். அதை இடித்துவிட்டு, வேலிக்குள் ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கும் ஸ்டோரைப் பள்ளிக்கூடமாக்கிக்கொள்ளச் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்தில் காட்டிலிருந்து வந்தவர்கள் ஸ்டோருக்குத் தீ வைத்ததிலிருந்து எங்கள் துரை ஷீட்டைச் சேர்த்து வைப்பதே இல்லை. அன்றன்றே லாரியில் ஏற்றிவிடுவார். அதனால் ஸ்டோர் காலியாகக் கிடந்தது.

உள்ளே நுழைந்ததும் எனக்குச் சந்தோஷம்தான். செங்கல் கட்டடம், வழுவழுவென்று சிமெண்டு பூசிய சுவர், மழை ஒழுகாத கூரை. மூன்று டிவிஷன் பிள்ளைகளும் தாராளமாக உட்காரலாம். "எல்லாரும் உக்காருங்க" என்றேன். அந்த வார்த்தை எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பி, பக்கச் சுவர்களில் மாறி மாறி மோதி, நான் அடுத்த வார்த்தையைத் தொடங்கும்போதும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. முகாமின் கொட்டகை ஞாபகம் வந்தது. அதே தகரம், அதே சிமெண்டு, அதே இரைச்சல்.

அதன் பிறகு நான் நடத்தியது பாடமே இல்லை. 'பல்' என்றால் 'பால்' என்று எழுதினார்கள். 'கல்' என்றால் 'கால்'. பின் வரிசைக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. ஒன்றும் புரியாத பிள்ளைகள் தங்களுக்குள் பேசினார்கள். அந்தப் பேச்சும் சேர்ந்து முழங்கியது. அதை அடக்க நான் கத்தினேன். மத்தியானத்துக்குள் என் தொண்டை கட்டி, வெறும் காற்று வந்தது. வீட்டுக்குப் போய் மகனைக் கொஞ்சக்கூடக் குரல் இருக்காது.

பக்கத்து வீட்டு அக்கா பால் மரம் வெட்டுகிறவர். மரத்திலிருந்து விழுந்து கணவர் இறந்த பிறகு ஒற்றை மகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். காலையில் பிள்ளைக் கொட்டகையில் கிடக்கும் என் மகனை, வேலை முடிந்து வந்து வாங்கி, மத்தியானம் பார்த்துக்கொள்வது அவர்தான். அவர் மகளுக்குச் சின்ன வயதில் காதில் சீழ் வைத்து, ஒரு காது பாதிதான் கேட்கும். பழைய பள்ளியில் என் முன்னால் உட்கார்ந்து டக்கு டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை. ஸ்டோருக்கு வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டது.

"டீச்சரம்மா, இவளுக்கு ரெண்டு காதும் போயிருச்சாம்மா? மறைக்காம சொல்லுங்க."

"இல்லக்கா. வெளிய வச்சுக் கூப்பிட்டா திரும்புறாளே. அந்த ரூம்புலதான் கேக்க மாட்டேங்குது."

"ரூம்பு என்னம்மா பண்ணும்?"



துரை ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்றார். இடுப்பில் துப்பாக்கி. தோட்டத்துக்கு வந்து பல வருடமான வெள்ளைக்காரர், எங்கள் ஜனங்களின் தமிழைத் தன் நாக்கில் போட்டு உருட்டுவார்.

"என்னா டீச்சர், இது ஸ்கூலா, பசாரா?"

"எதிரொலி சார். நான் சொல்றது புள்ளைங்களுக்குக் கேக்க மாட்டேங்குது."

"அது எனக்குத் தெரியாது. மாசக் கடைசியிலே நான் வருவேன். புள்ளைங்க படிக்குது, ரைட். படிக்கலே, இந்த இடம் மிலிட்டரிக்கு வேணும், குடுத்துருவேன். பெரிய புள்ளைங்க எல்லாம் புல்லு வெட்டப் போகட்டும்."

அன்று சாயங்காலம் மகனைத் தூங்கவைத்துவிட்டு, கணவரின் மரப்பெட்டியைத் திறந்தேன். தபால் வழியாக ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பௌதிகப் புத்தகம் ஒன்று இருந்தது, ஆங்கிலத்தில். அதில் ஒலியைப் பற்றி ஒரு அத்தியாயம். எனக்கு அந்த இங்கிலீஷ் ஓடவில்லை. ஒரு பக்கத்தை மூன்று சாயங்காலம் படித்திருப்பேன். பல இடங்களில் அழுதும் இருக்கிறேன். பாடம் கஷ்டம் என்பதால் அல்ல, ஓரத்தில் அவர் பென்சிலால் போட்டிருந்த கோடுகளைப் பார்த்து.

கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. சத்தம் அலை. ஒரு வினாடியில் அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை, ஒரு வினாடியில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதால் வகுத்தால், ஒரு அலையின் நீளம் கிடைக்கும். தண்ணீர் உறையும் குளிரில் சத்தம் வினாடிக்கு ஆயிரத்துத் தொண்ணூறு அடி ஓடும், வெப்பம் ஒரு டிகிரி கூடினால் இரண்டு அடி கூடும் என்று போட்டிருந்தது. எங்கள் வெக்கையை முப்பது டிகிரி என்று வைத்தேன். ஆயிரத்து நூற்றைம்பது அடி வந்தது.

ஆனால் வகுக்க எந்த எண்ணை எடுப்பது? என் குரல் எத்தனை தடவை அதிர்கிறது என்று யார் சொல்வார்கள்?

கோயிலில் பஜனைக்கு வைத்திருந்த ஆர்மோனியத்தைப் பூசாரியிடம் கேட்டு வாங்கி, பிள்ளைகள் போன பிறகு ஸ்டோருக்குள் வைத்து வாசித்தேன். கான்வெண்டில் பியானோ கற்றுக்கொடுத்த சிஸ்டர் நடுக்கட்டை எது என்று காட்டியிருந்தார். அது வினாடிக்கு இருநூற்றைம்பத்தாறு அதிர்வு என்று புத்தகம் சொன்னது. அதை 'ச' என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, சட்டென்று விட்டு, அறையில் மிச்சம் நிற்கும் ஒலியைக் கேட்டேன். கீழ் ஸ்வரங்கள் அண்டாவுக்குள் பேசுவது போல முழங்கின. அவற்றின் அலை பத்தடி, பன்னிரண்டு அடி. அவற்றை நான் ஒன்றும் செய்ய முடியாது என்று கணக்கே சொல்லிவிட்டது. 'ப' கட்டைக்கு வந்ததும் நிறுத்தினேன். கை தானாக நின்றது. கட்டையை விட்ட பிறகும் அந்த ஒலி சுவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த ஒலி. "கவனிங்க!" என்று வகுப்பில் கத்துவது போலக் கத்திப் பார்த்தேன். அதே சுருதி. பிள்ளைகளை அடக்க நான் குரலை உயர்த்தும்போதெல்லாம் அந்த இடத்துக்குத்தான் போய் நின்றேன். கத்தக் கத்த, அறைக்குத் தீனி போட்டிருக்கிறேன்.

'ச' இருநூற்றைம்பத்தாறு என்றால் 'ப' அதன் ஒன்றரை மடங்கு, முந்நூற்று எண்பத்து நான்கு. சாக்பீஸ் எடுத்து, சுவரிலேயே வகுத்தேன். ஒரு அலை மூன்று அடி.

அதற்குள் ஒரு முயற்சியில் தோற்றிருந்தேன். மெத்தென்ற பொருள் சத்தத்தைக் குடிக்கும் என்று புத்தகத்தில் கண்டதும், பெண்களிடம் பழைய கோணிச் சாக்குகளைக் கேட்டு வாங்கி, பிரித்துத் தைத்து, சுவரோடு சுவராக ஆணியடித்தோம். அக்காதான் அதிகம் தைத்தார். புல்வெட்டும்போது இடுப்பில் கட்டியது, மழைக்குத் தலையில் போட்டது, வாசலில் கால் துடைத்தது என்று எல்லாம் வந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. முழக்கம் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மூலையில் போட்டோம். அக்கா ஊசியைத் துணியில் குத்தி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று அடி என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஒரு பக்கத்தின் அர்த்தம் புரிந்தது. சுவரை ஒட்டியிருக்கும் காற்றுக்கு அசைய இடமில்லை. காற்று அசையாத இடத்தில் சாக்கு எதைப் பிடிக்கும்? அலையின் நீளத்தில் கால் பங்கு தள்ளி வந்தால் அங்கேதான் காற்று அதிகமாக ஆடும். மூன்று அடியில் கால் பங்கு ஒன்பது அங்குலம். கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண்.

மறுநாளே பெஞ்சுப் பலகைகளை அறுத்து முட்டு வைத்து, கயிறு இழுத்து, இரண்டு நீளச் சுவர்களிலும் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாக்குகளைத் தொங்கவிட்டோம். அக்கா ஒரு மூலையில் நின்று, என்னை நம்பாமல், "ம்" என்றார். பிறகு கொஞ்சம் பலமாக, "டீச்சரம்மா" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

"என்னம்மா இது, சத்தம் செத்துப்போச்சு?"

முழுவதும் சாகவில்லை. ஆனால் 'பல்' பல்லாகவும் 'பால்' பாலாகவும் போய்ச் சேர்ந்தது. நான் குரலை இறக்கிப் பேசக் கற்றுக்கொண்டேன். மழை கொட்டினால் மட்டும் எந்தக் கணக்கும் பலிக்காது, அன்று எழுத்து வேலை. அந்த வாரத்தில் அக்காவின் மகள் கையைத் தூக்கியது. வாய்பாடு சொல்ல வேண்டும் என்று அதுவாகவே கேட்டது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு அவர்கள் வந்தார்கள்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு இளம் வெள்ளை அதிகாரி, தமிழ் பேசும் துப்பறிவாளர் ஒருவர், துப்பாக்கியோடு சில மாத்தாக்காரர்கள், அதாவது மலாய்ப் போலீஸ்காரர்கள். வளாகம் முழுவதும் சோதனை. ஸ்டோருக்குள் வந்ததும் அதிகாரி சாக்குகளைப் பார்த்தார். பிறகு சாக்குக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். ஆள் கையை விட்டால் தோள் வரை போகும். இரண்டு சுவர் நீளத்துக்கும் ஒளிவிடம். அவர் முகம் மாறியது.

துப்பாக்கி முனைக் கத்தியால் சாக்குகளைக் குத்தினார்கள். பிள்ளைகள் அலறின. ஒரு சாக்கின் தையல் பிரிந்து, உள்ளே எந்தக் காலத்திலோ சிக்கியிருந்த அரிசி நாலைந்து மணி தரையில் விழுந்தது. துப்பறிவாளர் குனிந்து பொறுக்கினார்.

"அரிசி."

"பழைய சாக்கு சார். எப்பவோ உள்ளது."

எங்கள் தோட்டத்தில் அரிசி வந்த சாக்கு காலியானதும் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். சாக்கு வைத்திருப்பதே குற்றம் போல ஆகியிருந்தது. இவையெல்லாம் அந்தக் கட்டளைக்கு முந்தியவை. யாருக்கு அதை நிரூபிப்பது?

சாக்கை இழுத்துப் போட்டதும் சுவரில் என் எழுத்து தெரிந்தது. எண்கள், வகுத்தல் கோடு, கடைசியில் ஒரு ஒன்பது, கீழே 'அலை நீளம்' என்று நானே எழுதியது.

"இது என்னாம்மா?"

"சத்தத்தோட கணக்கு."

"அலை நீளம்னு போட்டிருக்கு. வயர்லெஸ்ஸுக்குத்தானே அலை நீளம்? யார்கூட பேசுற?"

"வயர்லெஸ் இல்ல சார். பேச்சுக்கும் அலை உண்டு. நம்ம இப்ப பேசுறோமே, இதுக்கும்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்தது, இது பைத்தியக்காரி பேச்சு போல இருக்கிறது என்று. அவர் அதிகாரியிடம் மெல்ல ஏதோ சொன்னார். என் கணவர் யார் என்பதைத்தான் சொல்லியிருப்பார். ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். அக்கா வேலையிலிருந்து வந்து வேலி வாசலில் நின்றிருந்தார், இடுப்பில் என் மகன்.

"அந்தச் சாக்கு என்னோடதுய்யா! நான்தான் குடுத்தேன்! என்னைக் கேளுங்க!"

ஒருவன் அவரைத் தள்ளினான். மகன் அழுதான். ஜீப்பின் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை.

டவுன் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மகன் அப்போது என் பாலை மட்டும் குடித்துக்கொண்டிருந்தான். நேரம் போகப் போக மார்பு கல்லாகி, ரவிக்கை நனைந்து, நனைந்தது காய்ந்து, மறுபடி நனைந்தது. முந்தானையால் மூடிக்கொண்டேன். என் வீட்டிலிருந்து எடுத்து வந்த பௌதிகப் புத்தகத்தோடு துப்பறிவாளர் எதிரே வந்து உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை.

"அந்தப் புத்தகம் உன் வீட்டுக்காரரோடதுதானே?"

"ஆமா."

"கோடு போட்டதும் அவருதானே?"

"ஆமா."

"அப்ப கணக்கும் அவரோடது. முன்னாடியே அவர் சொல்லிக் குடுத்துட்டுப் போனதுன்னு ஒரு கையெழுத்துப் போடு. இப்பவே ஜீப்புல கொண்டுபோய் விடச் சொல்றேன். புள்ளைக்குப் பால் குடுக்கலாம்."

பேனாவைத் திறந்து என் பக்கம் வைத்தார். என் கணவர் ஏற்கெனவே உள்ளேதானே இருக்கிறார், இன்னும் ஒரு வரியால் அவருக்கு என்ன ஆகிவிடும் என்று மனம் சொன்னது. அப்போது அது எனக்கு நல்ல நியாயமாகவே பட்டது. பேனாவைக் கையில்கூட எடுத்தேன். மார்பில் குத்தல் தாங்கவில்லை. ஆனால் அந்த 'ப' கட்டையை அழுத்திவிட்டு நின்றது நான். சுவரில் சாண் வைத்து அளந்தது நான். அந்தத் தோட்டத்தில் நானாகச் செய்த ஒரே காரியம் அது. அதை எடுத்து அவர் கழுத்தில் கட்டித் தொங்கவிடச் சொல்கிறார்கள்.

"கணக்கு நான் போட்டது சார். அவருக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியாது."

"ஆர்மோனியமா?"

"ஆமா சார். அதை வச்சுத்தான் கணக்கு."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போனார். அதன் பிறகு யாரும் வரவில்லை. நானும் ஒரு நாள் அந்தக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பேன், இந்தப் பக்கம் வந்து என்னைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். மகன் வளர்ந்து என் முகத்தை மறந்துபோவதுவரை நினைத்துவிட்டேன்.

காலையில் என்னைத் திரும்பவும் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மிச்சமிருந்த சாக்குகளுக்குப் பின்னால் என் முன்னிலையிலேயே தேட வேண்டுமாம். ஒரு சுவரில் சாக்குகள் அப்படியே இருந்தன. அதிகாரி ஒரு கோடியில் நின்று கட்டளை சொல்ல, துப்பறிவாளர் மறுகோடியில் நின்று மாத்தாக்காரர்களுக்கு மலாயில் சொன்னார். அவர்கள் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார்கள். பின்னால் சுவர்தான் இருந்தது. கடைசிச் சாக்கும் விழுந்தது. அதிகாரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"சார்?" என்றார் துப்பறிவாளர்.

அதிகாரி மறுபடி சொன்னார், உரக்க. அது சுவர்களுக்கு நடுவே புரண்டது.

"மன்னிக்கணும் சார், என்ன சார்?"

அதிகாரி கத்தினார். அறை முழுவதும் அவர் குரலாகிவிட்டது. துப்பறிவாளர் காதருகே கை வைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். அதைக் கண்டதும் அதிகாரி கத்துவதை நிறுத்தினார். சுவரைப் பார்த்தார், கீழே கிடந்த சாக்குக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை அதே இடத்திலிருந்து சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தார். அது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெதுவாகக் கையைத் தட்டினார். ஒரே தட்டு. அது பறவை சிறகடிப்பது போலச் சுவருக்குச் சுவர் ஓடித் தேய்ந்தது.

"ஒன்பது என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன?" என்று என்னிடம் நேராக இங்கிலீஷில் கேட்டார்.

நான் சுவருக்குப் போய், விரல் நுனியைச் சுவரில் வைத்துக் கையை விரித்துக் காட்டினேன்.

அவர் நம்பினாரா, இல்லை ஒன்றும் கிடைக்காத அலுப்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னை விட்டுவிடச் சொன்னார். சாக்குகளை மட்டும் திடலில் போட்டுக் கொளுத்தச் சொன்னார். சட்டம் சட்டம்தான்.

வீட்டுக்கு ஓடினேன். அக்கா துணியைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து மகனுக்குச் சப்பக் கொடுத்திருந்தார். அவன் என் மார்பை வாங்க மறுத்து முகத்தைத் திருப்பினான். நான் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதேன். அக்கா என் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவனே வந்து வாங்கிக்கொண்டான்.

திடலில் சாக்குகள் எரிந்த நாற்றம் லயம் முழுவதும் வந்தது. துரை வருவதாகச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"போகட்டும்க்கா. நான் சிரம்பானுக்கே போயிடுறேன். எங்கயாவது வீட்டு வேலை கெடைக்கும்."

அக்கா யோசித்துக்கொண்டே வெற்றிலையை மென்றார்.

"சாக்குதானே கூடாதுன்னான்? கம்பளி கூடாதுன்னு சொன்னானா?"

"கம்பளியா? ராத்திரிக்கு எல்லாருக்கும் வேணுமேக்கா."

"ராத்திரிக்கு வேணும். பகல்ல சும்மாதானே கெடக்குது லா."

மறுநாள் காலை பிள்ளைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் தோளிலும் வீட்டுக் கம்பளி. சிலதில் மூத்திர வாடை, சிலதில் தைலம். வேலி வாசலிலிருந்து ஓடி வந்த காவல்காரன் ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்துவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டான். முட்டுக்கட்டைகள் சுவரில் அப்படியேதான் இருந்தன. கயிற்றில் கம்பளிகளைத் தொங்கவிட்டோம், சுவரிலிருந்து ஒரு சாண். கம்பளி சாக்கைவிட நன்றாகவே வேலை செய்தது. பள்ளி விட்டதும் அவரவர் கம்பளியை எடுத்துக்கொண்டு போனார்கள். மழைக்காலத்தில் ஈரக் கம்பளியோடு தூங்கி எத்தனையோ பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. ஒரு தாய்கூட அனுப்பாமல் இருந்ததில்லை.

துரை மாசக் கடைசியில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அக்காவின் மகளை வாசிக்கச் சொன்னேன். அது தன் சின்னக் குரலில் ஒரு பக்கம் வாசித்தது. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கேக்குது," என்றார். அவ்வளவுதான். பள்ளி பிழைத்தது.

என் கணவர் பிழைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவதாக ஆணை வந்தது. இங்கே பிறந்தவர், இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. கடைசியாகப் பார்க்க மகனைத் தூக்கிக்கொண்டு போனேன். அதே கொட்டகை, அதே கூச்சல். இந்தத் தடவை நான் கத்தவில்லை. வலையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, குரலை முடிந்தவரை கீழே இறக்கி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டு தானும் அப்படியே பேசினார். இருவருக்கும் பாதிக்கு மேல் கேட்டது.

"மொத தடவ என்னமோ சொன்னீங்களே, என்னது?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஞாபகம் இல்லையே. என்ன சொல்லியிருப்பேன்? உடம்பப் பாத்துக்கன்னு சொல்லியிருப்பேன்."

"நானும் வந்துடுறேங்க."

"எங்க வருவ? அங்க எனக்கே போய் நிக்க எடமில்ல. மொதல்ல நான் போய்ப் பாக்குறேன். அப்புறம் கூப்பிடுறேன்."

மகனை உயர்த்திக் காட்டினேன். அவன் வலையைப் பிடித்து ஆட்டினான். அவர் சிரிக்கத்தான் முயன்றார்.

முதலில் மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தது, சில வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டு. அவர் திரும்பி வர நான் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் மறுக்கப்பட்டன. நான் போவதற்கு அவர் கூப்பிடவில்லை. கடிதங்கள் குறைந்தன. பிறகு அங்கே அவருக்கு ஒரு குடும்பம் ஆகிவிட்டது என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றும் பள்ளிக்குப் போனேன். கம்பளிகளைத் தொங்கவிட்டேன். பாடம் நடத்தினேன்.

முள்வேலியை எடுத்த வருடத்தில் ஸ்டோரைத் துரை ஷீட்டுக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டார். எங்களுக்குப் பலகையால் ஒரு பள்ளி கட்டிக் கொடுத்தார்கள். சுற்றிலும் ஜன்னல், காற்று தாராளமாக வரும், சத்தம் வெளியே போய்விடும். ஆனால் பிள்ளைகள் அங்கேயும் குரலை இறக்கியே பேசின. சோதிக்க வந்த புது மேற்பார்வையாளர் அவர்களை வெகுநேரம் கவனித்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் டீச்சர், இதுங்களை ரொம்ப அடிப்பீங்களோ?"